மலைநடைக்கு ஒரு குளிர்ச்சட்டை: வீட்டு மெஷினில் வெட்டித் தைக்கும் முறை

என் தம்பி ஆறடி மூன்று அங்குலம். ஆள் ஒல்லி, கை நீளம். அவன் உடம்புக்குப் பொருந்தும் குளிர்ச்சட்டை மணிக்கட்டை எட்டாது. மணிக்கட்டை எட்டும் சட்டைக்குள் அவனைப்போல் இன்னொருவரும் நுழையலாம். "கையைத் தூக்கினா இடுப்புல காத்து போகுதுக்கா" என்பான். நான் அவனுக்கு நேர் எதிர்: குள்ளம், அகலமான தோள். கடைக்காரர்கள் கணக்கில் வைத்திருக்கும் உடம்பு எங்கள் இருவருக்குமே இல்லை. அதனால் மலையேறப் போகும்போது நாங்கள் போட்டுக்கொள்ளும் குளிர்ச்சட்டைகளை நானே தைக்கிறேன். நேர்த்தையல் மட்டும் போடும் சாதாரண வீட்டு மெஷின் இதற்குப் போதும். ஒரு முழுக்கைச் சட்டையை அளவெடுத்து வெட்டித் தைத்துப் பழகியவர் எவரும் இதைத் தைக்கலாம்.

தைக்க உட்காரும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சட்டையில் உங்களைச் சூடாக வைத்திருக்கப்போவது காற்று. காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும், ஆனால் நகர ஆரம்பித்தால் வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடும். பஞ்சின் வேலை அந்தக் காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பது. பஞ்சு எவ்வளவு உப்பலாக நிற்கிறதோ அவ்வளவு காற்று. அமுங்கினால் காற்றும் இல்லை, சூடும் இல்லை. ஆகவே இந்தத் தையலில் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே கேள்விதான்: இது பஞ்சின் தடிமனைக் காப்பாற்றுமா, கெடுக்குமா? துணி தேர்வு, அளவு, தையல் வரிசை என்று கீழே சொல்லப்போவதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதில்கள்.

இது தொழிற்சாலைக்கு மட்டுமே உரிய வித்தை என்று நினைத்து யாரும் தயங்க வேண்டாம். 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர் இருந்தார். மற்றவர்கள் கம்பளியும் ட்வீடும் அணிந்திருக்க, அவர் பலூன் செய்யும் துணிக்குள் வாத்துத் தூவியை அடைத்துத் தானே வடிவமைத்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு 8,300 மீட்டருக்கு மேல் ஏறினார். 1966இல் அமெரிக்காவின் கொலராடோவில் டேல் ஜான்சன் தொடங்கிய ஃப்ராஸ்ட்லைன் நிறுவனம், வெட்டிய துணிகளையும் அளந்து பொட்டலம் கட்டிய தூவியையும் தபாலில் அனுப்பியது. வாங்கியவர்கள் வீட்டு மெஷினில் தைத்து உடுத்தினார்கள். நாம் செய்யப்போவது அதைவிடச் சுலபமானது. தூவிக்குப் பதிலாகப் பாய்போல விரித்து வெட்டக்கூடிய செயற்கைப் பஞ்சை எடுத்துக்கொள்ளப்போகிறோம்.

எந்தப் பஞ்சு?

எடைக்கு எடை பார்த்தால் வாத்துத் தூவியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தூவியின் உப்பலை 'ஃபில் பவர்' என்ற எண்ணால் சொல்வார்கள்: 800 ஃபில் பவர் என்றால் ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது சுமார் 28 கிராம், 800 கன அங்குல இடத்தை நிரப்பும். ஆனால் நனைந்தால் தூவி கட்டிதட்டிச் சுருண்டுவிடும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த தூவிச் சட்டை அநேகமாக வெறும் துணிதான். அதோடு தூவியை அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொரு அறைக்கும் எடைபோட்டு, பறக்காமல் அடைத்து, ஊசித் துளைவழி வெளியே வராத துணியில் தைக்க வேண்டும். முதல் சட்டைக்கு அது வேண்டாம்.

செயற்கைப் பஞ்சில் இரண்டு சாதி. ஒன்று குட்டை இழைகளால் ஆனது. பிரைமாலாஃப்ட் என்ற பெயரில் விற்கும் வகைகளில் பல இப்படிப்பட்டவை. மென்மையாக இருக்கும், துணிபோல வளைந்து விழும். ஆனால் இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்காது. இடையிடையே குறுக்குத் தையல் போடாவிட்டால் துவைக்கும்போது கீழே சரிந்து மூட்டையாகிவிடும். இன்னொன்று முடிவில்லாத நீள இழையால் ஆனது. க்ளைமஷீல்ட் ஏபெக்ஸ் என்ற பெயரில் விற்பது இந்த வகை. விளிம்புகளில் மட்டும் தைத்துவிட்டால் நடுவில் ஒரு தையல்கூடத் தேவையில்லை. கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு சிட்டிகையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பிய்ந்து கையோடு வந்தால் குட்டை இழை. நீண்டு இழுபட்டுப் பிடிவாதமாக நின்றால் நீள இழை.

நான் நீள இழையைத்தான் சொல்வேன். காரணம், தையல் போட்ட கோட்டில் பஞ்சின் தடிமன் பூஜ்ஜியம். கடையில் பார்க்கும் சட்டைகளில் குறுக்கே ஓடும் கோடுகள் அழகுக்கென்று பலர் நினைக்கிறார்கள்; அந்தக் கோடு ஒவ்வொன்றும் குளிர் உள்ளே வரும் பாதை, ஊசித் துளைவழியே காற்றும் புகும். கோடு இல்லாத சட்டை பார்க்கக் கொஞ்சம் மொழுக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

ஏபெக்ஸ் ஒரு சதுர கெஜத்துக்கு 2.5, 3.6, 5 அவுன்ஸ் என்ற எடைகளில் கிடைக்கிறது. மெட்ரிக் கணக்கில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 85, 122, 170 கிராம். கதகதப்பை அளக்க 'க்ளோ' என்று ஓர் அலகு உண்டு: 21 டிகிரி செல்சியஸில், காற்றோட்டம் அதிகமில்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் குளிராமலும் புழுங்காமலும் இருக்கத் தேவையான உடையின் அளவு 1 க்ளோ. ஏபெக்ஸ் ஓர் அவுன்ஸுக்கு 0.82 க்ளோ தருவதாகச் சொல்லப்படுகிறது. ஆக 2.5 அவுன்ஸ் பஞ்சு சுமார் 2 க்ளோ, 3.6 அவுன்ஸ் சுமார் 3. முதல் சட்டைக்கு 2.5 அவுன்ஸையே எடுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அளவு தடிமன். மெஷின் பாதத்துக்கு அடியில் அடங்கும், தைக்கக் கை பழகும்.

மேல்துணியும் உள்துணியும்

இரண்டுக்கும் மெல்லிய ரிப்ஸ்டாப் நைலான் போதும். துணியில் பொடிக் கட்டங்கள் தெரியும். ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நிற்கும். நூலின் மென்மையை டெனியரில் சொல்வார்கள்: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 10 டெனியர் பட்டுப்பூச்சி இறக்கைபோல இருக்கும், தைக்கும்போது கையில் நிற்காது. மேலுக்கு 20 டெனியர், உள்ளுக்கு 10 முதல் 20 வரை எது கிடைக்கிறதோ அது என்பது என் வழக்கம். மேல்துணியில் தண்ணீர் உருண்டோடும் பூச்சு இருந்தால் நல்லது. ஆனால் பாலியூரித்தேன் தடவிய மழைக்கோட்டுத் துணியை எடுத்துவிடாதீர்கள். உடம்பிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேற வழியில்லாமல் பஞ்சிலேயே ஈரமாகத் தங்கும். கடையில் துணியை உதட்டோடு ஒட்டி ஊதிப் பாருங்கள். சிரமப்பட்டாவது கொஞ்சம் மூச்சு மறுபக்கம் போக வேண்டும். தாராளமாகப் போனால் அது காற்றைத் தடுக்காது. துளிகூடப் போகாவிட்டால் மழைக்கோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

150 செ.மீ. அகலத் துணியானால் மேலுக்கு 2 மீட்டர், உள்ளுக்கு 2 மீட்டர், பஞ்சு 2 மீட்டர். என் அளவுக்குக் கொஞ்சம் மிஞ்சும், தம்பிக்குச் சரியாக இருக்கும். நூல் பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் ஈரத்தை இழுத்துக்கொண்டு நாளடைவில் இற்றுவிடும். ஊசி புதிதாக இருக்கட்டும்: மைக்ரோடெக்ஸ் என்று விற்கும் கூர்முனை ஊசியில் 70/10, துணி 10 டெனியரானால் 60/8. மழுங்கிய ஊசி இந்தத் துணியில் இழையை இழுத்து நெடுகக் கோடு போட்டுவிடும். முன்கழுத்துக்கு 35 செ.மீ. நீளத்தில் 3ஆம் நம்பர் காயில் ஜிப் (சுருள் பல் வைத்தது) ஒன்று, இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் மெல்லிய எலாஸ்டிக், குண்டூசிக்குப் பதில் துணிக் கிளிப்புகள் இருபது முப்பது. குண்டூசி குத்திய துளை இந்தத் துணியில் மறையாது. தையலுக்கும் அதே கதிதான்: பிரித்தால் துளை வரிசை அப்படியே இருக்கும். அதனால் பிரிக்க வேண்டிய வேலையையெல்லாம் பழைய துணியில் முடித்துவிட்டுத்தான் நல்ல துணியைத் தொட வேண்டும்.

அளவும் வெட்டுத்தாளும்

இங்கேதான் நிதானம் தேவை. மற்ற உடைகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்தக் கட்டத்தில் இருக்கிறது.

தோளில் வந்து பொருத்தும் சாதாரணக் கை வேண்டாம். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடும் ராக்லன் கையை எடுங்கள். தையல் ஏறக்குறைய நேர்க்கோடு, சுருக்கிச் சமன் செய்யும் வேலை கிடையாது, முதுகுப்பையின் பட்டை அழுத்தும் தோள் உச்சியில் மூட்டும் வராது. உங்களுக்குத் தளர்வாக இருக்கும் ராக்லன் கை வைத்த ஸ்வெட்ஷர்ட் ஒன்று இருந்தால் அதை விரித்து, ஓரங்களைத் தாளில் வரைந்து எடுப்பதே சுலபம். முன்பாகம் ஒன்று, பின்பாகம் ஒன்று, கை இரண்டு, கழுத்துப்பட்டி ஒன்று. முதுகில் தனித் துண்டு, பக்கத்தில் தனித் துண்டு என்றெல்லாம் பிரிக்காதீர்கள். மூட்டு கூடினால் குளிர்க்கோடு கூடும்.

அளவு எடுக்கும்போது உள்ளே போடப்போகும் பனியனையும் ஃப்ளீஸையும் (கம்பளிபோன்ற செயற்கைத் துணிச் சட்டை) போட்டுக்கொண்டே எடுங்கள். கை நீளத்தைப் பின்கழுத்து எலும்பிலிருந்து, முழங்கையை மடக்கி வைத்து, மணிக்கட்டு வரை அளக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு அளந்தால் கைத்தடியை ஊன்றும்போது மணிக்கட்டு வெளியே வரும். பின்பாகம் முன்பாகத்தைவிட 5 செ.மீ. இறங்கட்டும். குனியும்போதும் கையைத் தூக்கும்போதும் தெரிகிற முதுகு அதனால்தான் மூடும்.

என் மார்புச் சுற்றளவு 92 செ.மீ. உள்துணியைத் தைத்து முடித்த அளவு 108 இருக்கும்படி வெட்டுகிறேன். மேல்துணியையும் அதே 108க்கு வெட்டினால் என்ன ஆகும்? உள்ளும் வெளியும் ஒரே அளவாக இருந்து நடுவில் பஞ்சு வந்தால், பஞ்சுக்கு இடம் ஏது? ஒன்று பஞ்சு அமுங்கும், அல்லது உள்துணி மடிப்பு மடிப்பாகச் சுருளும். பஞ்சின் தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால், வெளிவட்டத்தின் ஆரம் உள்வட்டத்தைவிட ஒன்றரை அதிகம். சுற்றளவு 2 × 3.14 × 1.5, அதாவது ஏறத்தாழ 9.4 செ.மீ. கூட வேண்டும்.

இந்தக் கணக்கில் உடம்பின் பருமன் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மார்புக்கு 9.4 என்றால் மேற்கைக்கும் அதே 9.4. நூறு சென்டிமீட்டர் சுற்றளவில் ஒன்பது கூட்டுவது பெரிதாகத் தெரியாது. நாற்பது சென்டிமீட்டர் கையில் ஒன்பது கூட்டுவது மிகப் பெரிய மாற்றம். பெரும்பாலான சட்டைகளில் மார்பு கதகதப்பாக இருந்தும் கை மட்டும் குளிர்வது இதனால்தான்: கைப்பகுதியில் பஞ்சு இருந்தும் நிமிர்ந்து நிற்க இடம் இல்லை. வீட்டில் தைப்பதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பலன், தாராளமான கையை வெட்டிக்கொள்ளும் சுதந்திரம்.

பஞ்சு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்பதால் நான் உடம்புக்கு 8 செ.மீ. கூட்டுகிறேன். உள்துணியின் தாளை இன்னொரு தாளில் வரைந்து, முன்பாகத்தின் இரண்டு பக்க ஓரங்களையும் பின்பாகத்தின் இரண்டு பக்க ஓரங்களையும் 2 செ.மீ. வெளியே தள்ளுங்கள். கையின் அக்குள் ஓரங்கள் இரண்டையும் அதே 2 செ.மீ. தள்ளினால் அக்குளில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். பிறகு கைத் தாளை மணிக்கட்டிலிருந்து கழுத்துவரை நடுவில் வெட்டி, கழுத்து முனை ஒட்டியே இருக்க, மணிக்கட்டு முனை 3 செ.மீ. பிரியும்படி விசிறிபோல விரித்து ஒட்டுங்கள். கைக்குக் கூடுதல் இடம் கிடைத்துவிடும். மணிக்கட்டில் மிஞ்சுவதை எலாஸ்டிக் சுருக்கிக்கொள்ளும். இடுப்பு ஓரத்திலும் மணிக்கட்டிலும் மேல்துணி 2 செ.மீ. நீளமாகவும் இருக்கட்டும், பஞ்சைச் சுற்றி உள்ளே வளைய அது வேண்டும். எல்லா ஓரத்திலும் தையலுக்கு 12 மி.மீ. விடுங்கள்.

இப்போது பழைய போர்வை விரிப்பிலோ கிழிந்த வேட்டியிலோ உள்துணியின் அளவுக்கு ஒத்திகைச் சட்டை ஒன்றை வெட்டி, பெரிய தையலாகப் போட்டு, ஃப்ளீஸுக்கு மேல் மாட்டிப் பாருங்கள். இரண்டு கைகளையும் உயர்த்துங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டுங்கள். முதுகுப்பையை மாட்டிக் கழற்றுங்கள். எங்காவது இழுத்தால் அங்கே திறந்துவிட்டு, எவ்வளவு பிளந்துகொள்கிறதோ அதைத் தாளில் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டுவது

வழுக்கும் துணியை மடித்து இரண்டாக வெட்டாதீர்கள். ஒற்றையாக விரித்து, தாளின் மேல் கனமான எதையாவது வைத்து, இடக்கைக்கு ஒருமுறையும் தாளைத் திருப்பி வலக்கைக்கு ஒருமுறையும் வெட்டுங்கள். ரிப்ஸ்டாப்பின் கட்டக் கோடே நேர்வாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். பஞ்சை மேல்துணித் தாளின் அளவுக்கு, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். ஓரத்தைத் தைக்கும்போது அது உள்ளே இழுத்துக்கொள்ளும். பஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு வெட்டினால் அளவு பிசகும், கத்தரியின் வாய் முழுவதும் திறந்து நீளமாக வெட்டுங்கள்.

நைலான் ஓரம் பிசிறு விடும். சாலிடரிங் அயர்ன் வைத்திருப்பவர்கள் கண்ணாடித் தட்டின்மேல் வைத்து அதனாலேயே வெட்டினால் ஓரம் உருகி அடைத்துக்கொள்ளும். புகையைச் சுவாசிக்காமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அது இல்லாவிட்டாலும் பாதகமில்லை, கீழே சொல்லும் இரட்டைத் தையல் பிசிறைத் தடுத்துவிடும்.

தைக்கும் வரிசை

முதலில் மிச்சத் துண்டுகளில் மேல்துணி, பஞ்சு, பஞ்சு, மேல்துணி என்று அடுக்கி ஒரு சோதனைத் தையல் போடுங்கள். தையல் நீளம் 3 மி.மீ. துணி சுருங்கினால் மேல்நூல் டென்ஷனைத் தளர்த்துங்கள். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க மெஷினில் திருகு இருந்தால் குறையுங்கள்.

மேல்துணியின் உள்பக்கத்தில் பஞ்சை வைத்து, ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி, 4 அல்லது 5 மி.மீ. நீளமுள்ள கச்சாத் தையலால் சுற்றிலும் பிடியுங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் நடுவில் தொடங்கி மூலைக்குப் போனால் பஞ்சு ஒரு பக்கமாக நகர்ந்து குவியாது. மெஷினின் பற்கள் பஞ்சைக் கவ்வி இழுக்கும். பஞ்சுப் பக்கம் கீழே இருந்தால் அடியில் மெல்லிய டிஷ்யூத் தாளை வைத்துத் தைத்து, பிறகு கிழித்துவிடுங்கள். இனி பஞ்சும் மேல்துணியும் ஒரே துணி என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

பை வேண்டுமென்றால் முன்பாகத்தில் பஞ்சு பிடிப்பதற்கு முன்பே தைத்துவிட வேண்டும். ஜிப்பை, பஞ்சைப் பிடித்து முடித்த பிறகு, இப்போது வைக்க வேண்டும். முன்பாகத்தின் நடுக்கோட்டில் கழுத்திலிருந்து 35 செ.மீ. நீளம், ஒரு செ.மீ. அகலத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, அதன்மேல் நெருக்கமாக ஒரு தையல் போட்டு, கட்டத்துக்குள்ளும் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கும் உள்ள பஞ்சை நறுக்கி எடுங்கள். நடுவில் வெட்டிக்கொண்டே வந்து, கீழே முடிவதற்கு ஒரு செ.மீ. முன்னால் இரண்டு மூலைகளுக்கும் சாய்வாகப் பிளந்துவிடுங்கள். ஜிப்பின் நல்ல பக்கத்தைத் துணியின் நல்ல பக்கத்தோடு வைத்து இரண்டு ஓரங்களையும் தைத்து, கீழே நிற்கும் முக்கோணத்தை ஜிப்போடு சேர்த்துப் பலமுறை முன்னும் பின்னும் தையுங்கள். இழுபடும்போது முதலில் விட்டுக்கொடுக்கும் இடம் அதுதான். ஜிப்புக்குப் பின்னால் 4 செ.மீ. அகலத்தில் ஒரு துணிப்பட்டியை ஒரு பக்கத் தையலில் சேர்த்துவிட்டால் ஜிப்பின் பல்வழி காற்று நுழையாது.

அடுத்து இரண்டு கைகளையும் முன்பாகத்தோடும் பின்பாகத்தோடும் ராக்லன் கோட்டில் சேருங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க, பஞ்சு இரண்டும் வெளியே நிற்க, எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப். மேலும் கீழும் டிஷ்யூத் தாள். 12 மி.மீ. தள்ளித் தைத்து, தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சைக் கச்சா நூலோடு சேர்த்து ஒட்ட நறுக்குங்கள். துணியை வெட்டிவிடாதீர்கள். பிறகு முதல் தையலுக்கு வெளியே 3 மி.மீ. தள்ளி இரண்டாவது தையல். இந்த நறுக்கலைச் சோம்பலால் விட்டால் மூட்டு கயிறுபோலத் தடித்து, பையின் பட்டைக்கு அடியில் உறுத்தும். கை சேர்ந்ததும் இடுப்பு ஓரத்தில் தொடங்கி அக்குள் வழியாக மணிக்கட்டு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தைத் தையுங்கள்.

உள்துணியையும் இதேபோல் தனிச் சட்டையாகத் தைத்து, ஒரு கையின் அடித்தையலில் மட்டும் 25 செ.மீ. திறந்து விடுங்கள். முழுச்சட்டையும் அந்த வாய்வழியாகத்தான் கடைசியில் புரளப்போகிறது.

7 செ.மீ. உயரக் கழுத்துப்பட்டியின் மேல்பாதியை மேல்துணியோடும் உள்பாதியை உள்துணியோடும் தைத்து, இரண்டு சட்டைகளையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, பட்டியின் மேல் ஓரத்தைச் சேருங்கள். ஜிப்பின் ஓரத்தில் உள்துணியை மடித்துக் கையால் பொடித்தையலாகத் தைக்கிறேன் நான். மெஷினிலும் முடியும், ஆனால் முகத்துக்கு அருகில் வரும் இடம். அரைமணி நேரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. இடுப்பு ஓரத்தை மெஷினில் சேர்க்கலாம். அங்கே மேல்துணி 8 செ.மீ. கூடுதலாக இருக்கும், சுற்றிலும் சின்னச் சின்னச் சுருக்கமாகப் பகிர்ந்து விடுங்கள்.

மணிக்கட்டில்தான் எல்லாரும் குழம்புவார்கள். இரண்டு கைகளையும் நல்ல பக்கம் பார்த்து ஒன்றோடொன்று சும்மா சேர்த்துத் தைத்தால், திருப்பும்போது கை முறுக்கிக்கொள்ளும். இப்படிச் செய்யுங்கள்: சட்டையை நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி, போட்டுக்கொள்ளும் நிலையில் உள்கையை மேல்கைக்குள் நுழையுங்கள். மணிக்கட்டில் இரண்டு துணிகளின் ஓரங்களையும் உள்ளே மடித்து, அடித்தையலும் அடித்தையலும் நேராக இருக்க, அந்த ஓரிடத்தை ஒரு கிளிப்பால் பிடியுங்கள். இப்போது உள்கையில் விட்டுவைத்த வாய்வழியாகக் கையை விட்டு, இரண்டு துணிகளுக்கும் நடுவே போய், மடித்த ஓரங்களை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு, கிளிப்பை எடுத்துவிட்டு வெளியே இழுங்கள். இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் பார்த்து வெளியே வரும். அதே நிலையில் கிளிப் போட்டு வட்டமாகத் தைத்து உள்ளே விட்டால் மணிக்கட்டு சுத்தமாக முடிந்திருக்கும். மறு கைக்கும் அதே வாய் போதும், கொஞ்சம் தூரம் துழாவ வேண்டும், அவ்வளவுதான்.

வாயை மூடுவதற்கு முன் ஒரு சிறு வேலை: இரண்டு அக்குள்களிலும் மேல்துணியின் மூட்டையும் உள்துணியின் மூட்டையும் 3 செ.மீ. நாடாத் துண்டால் இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கையைக் கழற்றும்போதெல்லாம் உள்துணி கூடவே உருவிக்கொண்டு வரும். பிறகு வாயை மடித்துத் தைத்து, இடுப்பிலும் மணிக்கட்டிலும் ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒரு சுற்றுத் தையல் போட்டு, அந்தக் குழலில் எலாஸ்டிக்கைக் கோத்துவிடுங்கள். எலாஸ்டிக் நுழைய இரண்டு விரற்கடை திறந்து வைக்க மறக்க வேண்டாம். இறுக்கமாக வேண்டாம், காற்று ஏறாத அளவுக்குப் பிடித்தால் போதும். எந்தக் கட்டத்திலும் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுவராதீர்கள். மடிப்பை நகத்தால் நீவினாலே நிற்கும்.

என் அளவுக்கு முடிந்த சட்டை 300 கிராமை ஒட்டி இருக்கும்.

போட்டுக்கொள்வதும் பார்த்துக்கொள்வதும்

இது நின்று இளைப்பாறும் நேரத்துக்கான சட்டை. ஏற்றத்தில் போட்டுக்கொண்டு நடந்தால் வியர்வை பஞ்சில் இறங்கும், பிறகு நிற்கும்போது அந்த ஈரமே குளிரும். நிற்கிற இடத்தில், உடம்புச் சூடு இறங்குவதற்கு முன்பே, பையிலிருந்து எடுத்து மற்ற எல்லாவற்றுக்கும் மேலே மாட்டிக்கொள்ளுங்கள். தலைவழியாக மாட்டும் சட்டையைத் தளர்வாக வெட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மழைக்கு இது போதாது. இதற்கு மேல் நுழையக்கூடிய மழைக்கோட்டு தனியாக வேண்டும், அதுவும் பஞ்சை அமுக்காத அளவில். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளிர்ந்த விடியலில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்காமல் புதுச் சட்டையை நம்பி உயரத்துக்குப் போகாதீர்கள்.

நடந்துகொண்டே போடவும் ஒன்று வேண்டும் என்பவர்களுக்குப் போலார்டெக் ஆல்ஃபா டைரக்ட் வகைத் துணி உண்டு. சதுர மீட்டருக்கு 90 கிராம் எடையில் மயிர்க்கொத்து நிறைந்த வலைபோல இருக்கும், ஆவி தாராளமாக வெளியேறும். உள்துணியே தேவையில்லை, ராக்லன் தாளும் இதேதான். இழுபடும் துணி என்பதால் குறுகலான ஜிக்ஜாக் தையல் வேண்டும், வெட்டும் இடமெல்லாம் மயிர் உதிரும். காற்று வீசினால் மேலே மெல்லிய காற்றுச்சட்டை ஒன்று இல்லாமல் அது உதவாது.

செயற்கைப் பஞ்சுக்கு எதிரி, திரும்பத் திரும்ப அமுக்குவது. பயணத்தில் பைக்குள் திணிப்பதைத் தவிர்க்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் எடுத்து ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மென்மையான சோப்பில், துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்தால், ஒட்டுநாடா உள்ள நைலான் துண்டை மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் உரியும்.

வெட்டியது போக மிஞ்சும் பஞ்சில் ஒரு ஜோடிக் கையுறையும் கூடாரத்துக்குள் போட்டுக்கொள்ளும் காலுறையும் தேறும். காலுறையின் அடிப்பாகத்துக்கு மட்டும் வழுக்காத தடித்த துணி போடுங்கள். 2πஇன் கணக்கு கணுக்காலுக்கும் அதேதான், பாதத்தைச் சுற்றி 9 செ.மீ. கூட்டி வெட்டுங்கள்.